அக்கிக்குக் கொடுத்த மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்தலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். வியாசர்பாடியில் இருக்கிறீர்கள். அப்பாவுக்கு 64 வயது. இடுப்பின் இடது பக்கம் அக்கி வந்து, கொப்புளம் தெரிந்த மறுநாளே டாக்டரிடம் காட்டிவிட்டீர்கள். அவர் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், தினம் ஐந்து வேளை, ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று நாளில் கொப்புளம் வாடத் தொடங்கிவிட்டது, எரிச்சலும் வலியும் மட்டும் அப்படியே இருக்கிறது. 'மாத்திரை சூடு, போதும்' என்கிறார் அப்பா. 'அக்கி எழுதினாலே சரியாகிவிடும்' என்கிறார் பெரியம்மா. இதற்கு நடுவில் உங்கள் ஒன்பது வயது மகனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். 'இதுவும் வைரல்தான்' என்று பக்கத்து வீட்டில் சொன்னதால், அப்பாவின் மிச்ச மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், அப்பாவுக்குச் சுகர் உண்டு, போன வருடம் 'கிட்னியில் லேசாக ஏதோ' என்றார்கள், அதை இந்த டாக்டரிடம் சொல்லவில்லை என்று ஒரு வரி. உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான்.

நான் டாக்டர் இல்லை. பி.பார்ம் படித்தவன், வண்ணாரப்பேட்டை பக்கம் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் 22 வருடமாக நிற்கிறேன். மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது, எதோடு சேர்த்தால் வம்பு என்பது எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவின் கொப்புளத்தை நான் பார்க்கவில்லை, அவருடைய கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) எவ்வளவு என்றும் எனக்குத் தெரியாது. அதனால் அளவை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அவசரத்துக்கு மூன்று விஷயம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மகனுக்கு அதில் ஒரு துண்டுகூட வேண்டாம். கிட்னி விஷயத்தை இன்றைக்கே அந்த டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள், நாளை வரை வைக்காதீர்கள். ஏன் என்று தெரிந்தால்தான் அப்பாவையும் பெரியம்மாவையும் சம்மதிக்க வைக்க முடியும், அதனால் மீதியை நிதானமாக எழுதுகிறேன்.

கவுண்டரில் நிற்கும்போது தினமும் பார்க்கும் குழப்பம் ஒன்று உண்டு. 'கிருமி மாத்திரை' என்றால் எல்லாமே கிருமியைக் கொல்லும் மாத்திரை என்று நினைக்கிறார்கள். பாக்டீரியா விஷயத்தில் அது ஓரளவு சரி. அதற்குத் தனிச் சுவர் உண்டு, தனியாகச் சமைத்துத் தின்று பெருகும். அந்தச் சுவரை உடைக்கலாம், அதன் அடுப்பை அணைக்கலாம், நம் செல்லுக்கு அதிகச் சேதம் வராது. வைரஸ் அப்படியில்லை. அதற்கு வீடும் கிடையாது, அடுப்பும் கிடையாது. எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் சந்துகளில் கூலிக்குத் துணி தைக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மிஷின், நூல், கரண்ட், ஆள் எல்லாம் வீட்டுக்காரருடையது. வெளியிலிருந்து வருவது வெட்டுவதற்கான அளவுக் காகிதம் மட்டும். வைரஸ் அந்த அளவுக் காகிதம்தான். நம் செல்லுக்குள் நுழைந்து நம் மிஷினிலேயே தன் உருப்படியைத் தைத்துக்கொள்கிறது. மிஷினை உடைத்தால் வைரஸ் நிற்கும், ஆனால் வீட்டுக்காரரின் பிழைப்பும் போய்விடும். வைரஸ் மருந்து கண்டுபிடிப்பது இவ்வளவு காலம் கஷ்டமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அசைக்ளோவிர் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஜிப் தைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்லுக்குப் பின் ஒரு பல்லாகக் கோத்துக்கொண்டே போனால்தான் ஜிப் முழுசாகும். வைரஸின் டி.என்.ஏ.வும் அப்படிக் கோக்கப்படும் சங்கிலி. அசைக்ளோவிர் பார்க்க அசல் பல் மாதிரியே இருக்கும் போலிப் பல். அதைக் கோத்துவிட்டால் அதற்கு அடுத்த பல்லை மாட்டக் கொக்கி இருக்காது, சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். சரி, அப்படியானால் நம் செல்லின் டி.என்.ஏ.வும் கெடாதா? கெடாததற்குக் காரணம், இந்தப் போலிப் பல் பொட்டலம் கட்டின நிலையில்தான் உள்ளே போகிறது. பொட்டலத்தின் முதல் முடிச்சை அவிழ்க்கும் கத்தரிக்கோல் அக்கி, அம்மை (சின்னம்மை), வாய்ப்புண் அக்கி இவற்றை உண்டாக்கும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களிடம் இருக்கிறது. தைமிடின் கைனேஸ் என்று அதற்குப் பெயர். வைரஸ் இல்லாத செல்லில் பொட்டலம் பெரும்பாலும் பிரிக்கப்படாமலே சிறுநீரில் போய்விடும். வைரஸ் தன் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்கிறது. 1970களில் இதை உருவாக்கிய குழுவை நடத்தியவர் கெர்ட்ரூட் எலியன். டாக்டர் பட்டம் வாங்காமலே வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய பதில்கள் வரிசையாக வரும். இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை, புதிதாகத் தைப்பதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தைத்து முடித்த உருப்படிகளை அது ஒன்றும் செய்யாது, அவற்றால் நரம்புக்கு ஏற்பட்ட வீக்கத்தையும் ஒன்றும் செய்யாது. அதனால்தான் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிறோம். அக்கிக்கு 72 மணி நேரம் என்று ஒரு கணக்கு. கொப்புளம் தெரிந்து மூன்று நாளுக்குள் தொடங்கினால் புதுக் கொப்புளம் வருவது சீக்கிரம் நிற்கும், காய்வதும் வேகமாக நடக்கும், ஆரம்ப வலியும் சற்றுக் குறையும். இதில் சந்தேகம் இல்லை. நீங்கள் மறுநாளே போனது மிகவும் நல்லது. பத்து நாள் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். மூன்று நாள் தாண்டினால் பலன் எவ்வளவு என்பது அவ்வளவு தெளிவில்லை. ஆனாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தாலோ, கண் பக்கம் இருந்தாலோ டாக்டர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள்.

ஐந்து வேளை எதற்கு என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். விழுங்கும் அசைக்ளோவிரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும், சில சமயம் அதைவிடக் குறைவு. சேர்ந்ததும் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். இடைவெளி விட்டால் வைரஸ் மறுபடி மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிடும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி எழுப்ப வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது இதற்கு முக்கியமில்லை. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. ஐந்து வேளை முடியவே முடியாது என்றால் வாலாசைக்ளோவிர் என்று ஒன்று இருக்கிறது. அதே மருந்தோடு ஒரு அமினோ அமிலத்தை ஒட்டி அனுப்புகிறார்கள், குடல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், அக்கிக்கு மூன்று வேளை போதும். விலை கூடுதல். நடுவில் மாற்றுவது டாக்டர் வேலை.

அடுத்தது கிட்னி. இங்கேதான் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, எழுபதை ஒட்டிய வயது, அக்கிக்கு இதே 800 சீட்டோடு வந்தார். மாத்திரையை வாங்கிவிட்டு, 'வலி உயிர் போகுது, ஏதாவது ஒண்ணு குடு கண்ணு' என்றார். நானும் டைக்ளோஃபினாக் ஒரு ஸ்ட்ரிப் கொடுத்தேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கிட்னி எப்படி, எதுவும் கேட்கவில்லை. கூட்டம் அதிகம் என்பதெல்லாம் பிறகு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். நாலாம் நாள் மகன் ஓடி வந்தார். 'அம்மா ஏதேதோ பேசுது சார், செத்துப்போன அப்பாவோட சண்டை போடுது.' ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கிரியாட்டினின் ஏறியிருந்தது. இரண்டு மாத்திரையையும் நிறுத்தி டிரிப் ஏற்றினார்கள், நாலைந்து நாளில் தெளிந்துவிட்டார். பிறகு விசாரித்தால், மீன் விற்கும் இடத்தில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து மதியம் வரை தண்ணீரே குடிக்க மாட்டாராம்.

நடந்தது இதுதான். அசைக்ளோவிர் உடம்பை விட்டுப் போகும் முக்கியமான வழி கிட்னி. கிட்னி மந்தமாக இருந்தால் மருந்து தேங்கும். தேங்கினால் மூளையில் குழப்பம், நடுக்கம், இல்லாத ஆளைப் பார்ப்பது. தண்ணீர் குறைந்தால் அது கிட்னிக் குழாய்களில் படிகமாகவும் படியும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வயதானவர், சுகர், தண்ணீர் குடிக்காமை, வலி மாத்திரை எல்லாம் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். உங்கள் அப்பாவுக்கு இதில் இரண்டு மூன்று ஏற்கெனவே இருக்கிறது. கிட்னி உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருந்தால் டாக்டர் ஐந்து வேளையை மூன்றாகவோ இரண்டாகவோ குறைப்பார், அதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்குப் போன வருட ரிப்போர்ட் போதாது, புதிதாக ஒரு கிரியாட்டினின் பார்க்கச் சொல்லலாம். அந்த எண் மட்டும் 'நார்மல்' என்று போட்டிருந்தாலும் ஒல்லியான வயதானவர்களிடம் அது ஏமாற்றும், அதனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஜி.எஃப்.ஆர். என்ற கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இதயக் கோளாறு, கால் வீக்கம் என்று தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வலிக்கு வீட்டில் கிடக்கும் எதையாவது போட்டுவிட்டாரா என்றும் பாருங்கள். அப்பா திடீரென்று குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், சிறுநீர் குறைந்தால், 'மாத்திரை மயக்கம்' என்று விடாமல் உடனே கொண்டுபோங்கள்.

'சூடு' என்று அப்பா சொல்வதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு சிலருக்கு வரும். தாங்க முடியாத அளவு என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றலாம். ஆனால் கொப்புளம் வாடியதை வைத்து வைரஸ் அடங்கிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. மேலே காய்ந்தாலும் நரம்போரமாகப் பெருகிக்கொண்டிருக்கலாம். ஏழு நாள் என்பது ஆராய்ச்சிகளில் சோதித்துப் பார்த்த அளவு. அதற்கு மேல் நீட்டினால் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். எட்டாம் நாள் வலி இருக்கிறதே என்று கடையில் இன்னொரு கோர்ஸ் வாங்குகிறவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம்.

ஏனென்றால் அந்த வலி வேறு வகை. சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகு அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகவில்லை. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் நரம்பு முடிச்சுகளில் ஐம்பது அறுபது வருடம் தூங்குகிறது. வயது, சுகர், உடம்பு தளர்வது என்று ஏதோ ஒரு நாள் விழித்து, ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பில் ஒரு பக்கமாக, பட்டை போட்ட மாதிரி வருகிறது. 'வாலும் தலையும் சுற்றி வந்து சேர்ந்தால் ஆள் பிழைக்க மாட்டார்' என்று பெரியவர்கள் பயமுறுத்துவதை நானும் கேட்டிருக்கிறேன். நரம்பு நடு முதுகோடு நின்றுவிடுவதால் அது பெரும்பாலும் சேர்வதே இல்லை. இரண்டு பக்கமும் வந்தால், உடம்பெங்கும் பரவினால், எதிர்ப்புச் சக்தி ஏன் இவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். தூங்கும் வைரஸ் தைப்பதில்லை, அதனால் அசைக்ளோவிர் அதைத் தொடவும் முடியாது. காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் நிற்பது உண்டு. ஏழு நாள் மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அந்தப் பின்வலி வராது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆராய்ச்சி முடிவுகள் இதில் ஒத்துப்போகவில்லை, தடுக்கும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதவில்லை. நான்கு வாரம் தாண்டியும் சட்டை பட்டால் எரிகிறது என்றால் அதற்கு நரம்பு வலி மாத்திரைகள் தனியாக இருக்கின்றன. கபாபென்டின், பிரிகாபலின் இரண்டுக்கும் கிட்னியைப் பார்த்துத்தான் அளவு போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அப்பா இரவு பாத்ரூமில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கி எழுதுவது பற்றி. என் பாட்டிக்கு எழுதியதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மண்பாண்டம் செய்யும் ஒருவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றி நிதானமாகக் கோடு இழுப்பார். குளிர்ச்சியாக இருக்கும், பாட்டி கண்ணை மூடிக்கொள்வார். அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே காயக்கூடியது, அதனால் எழுதினவர்களுக்கும் காய்ந்தது, எழுதாதவர்களுக்கும் காய்ந்தது. வைரஸ் பெருகுவதைக் காவி நிறுத்துகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பெரியம்மாவின் மனசுக்காக எழுதினாலும் மாத்திரையை விடக் கூடாது, உடைந்த கொப்புளத்தின் மேல் மண் படக் கூடாது. சுகர் உள்ளவருக்குப் புண்ணில் சீழ் வைத்தால் அது வேறு கதை. அசைக்ளோவிர் கிரீமும் அக்கிக்குப் பெரிதாக உதவாது. அது உதட்டோரம் வரும் சின்னக் கொப்புளத்துக்கானது, நரம்புக்குள் இருப்பதை மேலே தடவி நிறுத்த முடியாது. இன்னொன்று, தோலுக்கான கிரீமைக் கண்ணில் போட்டுக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு வேறு ஆயின்மென்ட், பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. யாருக்காவது நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணுக்குள்ளும் போகலாம். அன்றைக்கே கண் டாக்டர் பார்க்க வேண்டும், எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம். காதில் கொப்புளம் வந்து வாய் ஒரு பக்கம் கோணினாலும் அதே அவசரம்தான்.

இப்போது மகன். 'இரண்டும் வைரஸ்தானே' என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் கத்தரிக்கோல் கதையை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் தரும் பெரும்பாலான வைரஸ்களிடம் அந்தக் கத்தரிக்கோல் கிடையாது. டெங்கு, ஃப்ளூ இவை டி.என்.ஏ. வைரஸே இல்லை, ஆர்.என்.ஏ. வைரஸ்கள், தையலே வேறு. பொட்டலம் பிரியாது, பையனின் கிட்னி அதைச் சுமந்து வெளியே தள்ளும், அவ்வளவுதான் நடக்கும். ஃப்ளூவுக்கு என்று ஓசெல்டமிவிர் இருக்கிறது. அது பெருகுவதை நிறுத்துவதில்லை. தைத்து முடித்த உருப்படிகள் செல்லை விட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் கதவை அடைக்கிறது. அதுவும் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், திடமாக இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகக் காய்ச்சல் விடும். குழந்தைக்கு எடை பார்த்து அளவு. கொசுறாக ஒன்று: அந்த மருந்தைச் செய்ய வேண்டிய மூலப்பொருளை நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்தார்கள். அதற்காக அன்னாசிப்பூக் கஷாயம் ஃப்ளூ மருந்தாகிவிடாது. பல படி ரசாயன வேலைக்குப் பிறகுதான் அது மருந்தாகிறது.

டெங்குவுக்கு என்று பலன் நிரூபணமாகி அங்கீகாரம் பெற்ற வைரஸ் மாத்திரை இதுவரை இல்லை. தண்ணீர்ச் சத்தும் கண்காணிப்பும்தான் வைத்தியம். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறவர்கள் கொடுங்கள், அதை நம்பி ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், அதுவும் பையனின் எடைக்கு ஏற்ற அளவில். ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் வேண்டாம். காய்ச்சல் விட்டபிறகுதான் டெங்கு மோசமாகும் என்பதை மறக்காதீர்கள். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சுருண்டு படுத்துக்கொள்வது, இதில் எது தெரிந்தாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தாத்தாவிடமிருந்து ஒட்டியிருக்குமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தால், அது இப்போதைய காய்ச்சல் இல்லை. அக்கியின் நீர் பட்டு, இதுவரை அம்மை வராத, ஊசியும் போடாத பிள்ளைக்கு அம்மை வரலாம். ஆனால் அதற்கு 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை அப்பாவின் துண்டு, படுக்கை தனியாக இருக்கட்டும், கொப்புளத்தைத் துணியால் மூடி வையுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் கூடுதல் கவனம்.

தவறான நேரத்தில் சரியான மருந்து எவ்வளவு உதவும் என்பதை 2021இல் கொரோனா சமயத்தில் நாம் எல்லோரும் பார்த்தோம். ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்துக்காக ராத்திரி முழுவதும் நின்றார்கள், பிறகு கவுண்டரை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். என் கடைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. அந்த மருந்தும் வைரஸ் பெருகுவதைத்தான் நிறுத்தும். நோயின் முதல் வாரத்தில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுத்தபோது ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைத்தது என்று பிறகு தெரிந்தது. வென்டிலேட்டருக்குப் போன பிறகு, வைரஸைவிட உடம்பின் வீக்கமே பெரிய எதிரியாகிவிட்ட நேரத்தில், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நகையை அடகு வைத்து வாங்கியவர்களிடம் இதை இப்போது சொல்லவும் வாய் வரவில்லை.

'நிறுத்தலாமா' என்ற கேள்விக்கு எல்லா வைரஸ் மருந்துக்கும் ஒரே பதில் இல்லை, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். மஞ்சள் காமாலை பி வகைக்கு டெனோஃபோவிரோ என்டெகாவிரோ வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், 'லிவர் டெஸ்ட் நன்றாக இருக்கிறது' என்று தாங்களாக நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு எழும்பி ஈரலையே செயலிழக்க வைக்கலாம். மாறாக, சி வகைக்கு மருந்து பெரும்பாலும் 12 வாரத்தில் முடிந்துவிடும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டுக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். எச்.ஐ.வி. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் நம் சென்னையில்தான், சுனிதி சாலமன் குழு. அதற்கு மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்து வாழ்நாள் முழுவதும் கொடுப்பதற்குக் காரணம், ஒன்றிலிருந்து தப்பும் வைரஸை இன்னொன்று பிடிக்கும் என்பதுதான். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மூன்றிலிருந்தும் தப்பக் கற்றுக்கொள்ளும். அக்கியில் அந்த எதிர்ப்புப் பிரச்னை, உடம்பு திடமாக இருப்பவர்களுக்கு, அபூர்வம். அப்பாவை 'பாதியில் விட்டால் மருந்து கேட்காமல் போய்விடும்' என்று பயமுறுத்தத் தேவையில்லை, கொப்புளம் திரும்பத் தலைகாட்டலாம் என்று சொன்னால் போதும்.

குணமான பிறகு டாக்டரிடம் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். 2023இலிருந்து 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இங்கேயும் கிடைக்கிறது, இரண்டு டோஸ். விலை நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் மலைப்புத்தான்.

கடைசியாக அந்த மிச்ச மாத்திரை. ஏழு நாள், ஐந்து வேளை என்றால் 35. ஒழுங்காகச் சாப்பிட்டால் மிச்சமே இருக்காது. கிட்னியைப் பார்த்து டாக்டர் அளவைக் குறைத்தால் சில மிஞ்சும். கத்தரித்த துண்டாக இல்லாமல், பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி முழு ஸ்ட்ரிப்பாக, பில்லோடு கொண்டுபோனால் வாங்கின கடையில் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.